தொட்டிக்குள் கடலின் மூச்சு



காஞ்சிபுரத்தில் கோயில்கள் உண்டு, தறிகள் உண்டு, குளங்கள் உண்டு, கடல் மட்டும் இல்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையை அடையவே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அங்ஙனமிருக்க, உப்புநீர் மீன் தொட்டியின் பம்பு திடீரென நின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது என்று பேச, இவ்வூரில் தலைமையாசிரியனாயிருந்து ஓய்வு பெற்ற ஒருவன் ஏன் வந்தான் என்று நீங்கள் எண்ணலாம். என் பழைய மாணவர் ஒருவர் தம் பட்டுக் கடையில் ஆயிரம் லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்திருக்கிறார். அத்தொட்டியே என்னை இப்பொருளில் இழுத்துவிட்டது.

சென்னை மெரினாவில் 1909ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. அங்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளூரில் வைக்கும் தொட்டிக்கோ அந்த வசதி இல்லை. உப்பைக் கலந்து ஆக்கிய ஒரே நீர்தான் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் ஓயாது சுழன்றுகொண்டிருக்க வேண்டும். காட்சித் தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே அடியிலுள்ள மற்றொரு தொட்டிக்கு இறங்கும், அங்கே வடிகட்டப்பெறும், பம்பு அதை மறுபடியும் மேலேற்றும். பம்பு நின்றால் சுழற்சி நிற்கும்.

சுழற்சி நின்றால் மீன் ஏன் சாக வேண்டும்? நீர்தான் அப்படியே இருக்கிறதே! இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 6.2 மில்லிகிராம். நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் கரையும். உப்பு மிகுந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் அளவு குறையும். நம் தமிழ்நாட்டுக் கோடையில் இரண்டும் கூடிவிடுகின்றன. ஆயிரம் லிட்டர்த் தொட்டி முழுவதிலும் உள்ள பிராணவாயு 6.2 கிராம். அதே அளவு பிராணவாயு எவ்வளவு காற்றில் இருக்கும் என்றால், ஏறத்தாழ 23 லிட்டர்க் காற்றில்! இரண்டு குடக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடக் காற்றை வைத்துக்கொண்டு அத்தனை மீன்களும் அவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் குடித்தனம் நடத்துகின்றன. செலவாகும் ஒவ்வொரு துளியும் உடனுக்குடன் நீரின் மேற்பரப்பு வழியே ஈடுசெய்யப்பட வேண்டும். அசையாத நீரில் அந்த ஈடு மிக மெதுவாகவே நடக்கும். மேலடுக்கு காற்றைப் பெற்று நிறைந்திருக்கும். அடியிலுள்ள நீர் வறண்டு போகும். காற்றுக் குமிழிகள்தாம் மீனுக்கு மூச்சளிக்கின்றன என்று பலர் கருதுகின்றனர். குமிழி செய்யும் பெரிய உதவி, அடிநீரை மேலே தூக்கி வந்து பரப்பைக் கலக்குவதே.

நம் கோயில் குளங்களிலும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சில நாட்களில் காணலாம். பாசிகள் பகலில் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அவையும் அதை உட்கொள்ளும். ஆதலால் பொழுது விடியுமுன் குளத்தின் கையிருப்பு மிகவும் குறைந்திருக்கும். பொரி கேட்கிறது என்று நினைத்துப் பொரி போடுகிறோம்! அது கேட்பது மூச்சு.

என் மாணவரின் தொட்டியில் பம்பு நின்றதும் விடியுமுன்தான். நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. “சார், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறக்குது. பம்பு உறுமுது, ஆனா தண்ணி ஏறல” என்றார். “முதல்ல பிளக்கைப் பிடுங்குப்பா. அப்புறம் ஒரு சொம்பை எடுத்துத் தண்ணியை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊத்து. நிறுத்தாதே” என்றேன். மின் இணைப்பைத் துண்டிக்காமல் தொட்டியில் கைவிடுவது பெருந்தீங்கு. உப்புநீர் நன்னீரைவிடப் பன்மடங்கு எளிதில் மின்சாரத்தைக் கடத்தும். அன்றியும், சுழலாமல் உறுமும் மோட்டார் தன் சுருள்களையே சுட்டுக்கொள்ளும்.

நான் சென்றபோது, கடையில் தங்கியிருந்த நெசவாளர் இருவரும் காவல்காரரும் முறைவைத்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தனர். தரையெல்லாம் நீர். பம்பு நின்றதும், மேலேற்றும் குழாய் வழியாகவே நீர் திரும்பிக் கீழ்த்தொட்டியை நிறைத்து வழிந்துவிட்டது. அருகில் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த சேலைகளில் நான்கு நனைந்துவிட்டன. சரிகையில் வெள்ளி இருக்கிறது. உப்புநீர் அதைக் கறுக்கச் செய்யும். கடைக்காரருக்கு மீனைப் பார்ப்பதா, சேலையைப் பார்ப்பதா என்ற கலக்கம். சேலைகளை நல்ல தண்ணீரில் அலசும்படி ஒருவரை அனுப்பிவிட்டு, பம்பைக் கழற்றினோம். உள்ளே சுழலும் காந்தத் துடுப்புச் சக்கரத்தில் ஒரு சிறு நத்தையின் ஓடு சிக்கியிருந்தது. சுண்ணாம்புப் படிவும் ஏறியிருந்தது. ஓட்டை எடுத்துச் சக்கரத்தைக் காடியில் ஊற வைத்துத் துலக்கிப் பூட்டினோம். ஆறு மணிக்குப் பம்பு ஓடியது. கோமாளி மீன்களும் கடற்சாமந்தியும் பிழைத்தன. சாண் நீளமுள்ள தேவதை மீன் ஒன்று பிழைக்கவில்லை. கடைக்காரரின் சிறிய மகள் பெயரிட்டு வளர்த்த மீன் அது. காலையில் அவளிடம் என்ன சொல்வது என்பதே அவருடைய பெரிய கவலையாயிற்று.

பம்பு ஓடியதும் ஆபத்து நீங்கிற்று என்று கருதலாகாது. வடிகட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். மூடிய வடிகட்டியில் நீரோட்டம் பல மணி நேரம் நின்றால் அவை மடிந்து அழுகத் தொடங்கும். அந்நீரை அப்படியே தொட்டிக்குள் செலுத்தினால், பிழைத்த மீனையும் கொன்றுவிடும். ஆகவே அதைக் கொட்டிவிட்டே இயக்க வேண்டும். ஓரிரு நாள் உணவையும் குறைக்க வேண்டும்.

பெரிய இடங்களுக்கும் இந்தத் துன்பம் நேர்ந்திருக்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. அங்குள்ள பெரிய மீன் காட்சிச்சாலை புயலுக்குத் தாக்குப்பிடித்தது. மாற்று மின்னாக்கிதான் தாக்குப்பிடிக்கவில்லை. மீன்களுள் பெரும்பாலானவை மாண்டன. பெங்குவின்களும் கடல் நீர்நாய்களும் பிழைத்து, கலிபோர்னியாவிலுள்ள மான்டரே விரிகுடாக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை நம்மைப் போல் காற்றைச் சுவாசிப்பவை என்பதை இங்கே கவனியுங்கள். மீண்டும் கதவு திறக்க 2006 மே மாதம் ஆயிற்று.

நம் பக்கத்திலும் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபின் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வேளையில் விலையுயர்ந்த தொட்டியைவிட, மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப் பம்பு மதிப்பு மிக்கது. அதையும் ஒரு மாற்றுத் துடுப்புச் சக்கரத்தையும் என் மாணவர் வாங்கி வைத்துவிட்டார். மேலேற்றும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையும் இடப்பட்டுள்ளது. நீர் திரும்பத் தொடங்கினால் அத்துளை வழியே காற்றுப் புகுந்து, திரும்பும் ஓட்டத்தை அறுத்துவிடும். சேலைத் தட்டு இரண்டடி உயர்ந்துவிட்டது. அமாவாசைதோறும் கடை பூட்டியபின் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். அளவைக் குறிக்கும் பொறுப்பு அந்தச் சிறுமியுடையது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பென்சிலால் குறித்து வருகிறாள்.