சந்தாப் புத்தகமும் பாடநூலே



புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தொண்டு நிறுவனங்களின் பெயர்களை மனனமிடும் நம் சிறார்கள் பலருக்கு, சொந்த மஹல்லாவின் ஜனாஸா நலன்புரிச் சங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பது தெரியாது. அதன் சந்தாக் கணக்கைக் கணித பாடத்தில் கூட்டிப் பார்க்கட்டும். தமிழ்ப் பாடத்தில் அதன் செயலாளருக்குக் கடிதம் வரையட்டும். சுற்றாடல் பாடத்தில் அவரையே வகுப்புக்கு அழையுங்கள். “சம்பளமின்றி நள்ளிரவில் ஏன் எழுந்து வருகிறீர்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அதற்கான விடை எந்த வினாத்தாள் தொகுப்பிலும் கிடையாது.

1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரீ. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனதொலுவக் கிராமத்துக்குச் சிரமதானத்திற்காக அழைத்துச் சென்றார். சர்வோதயம் அங்கேதான் முளைத்தது.

டியூசன் இருக்கிறதே என்னும் பெற்றோரே, சங்கத்தை நடத்துவோருக்கு நரைத்துவிட்டது. இம்மாதம் சந்தா வசூலிப்பவர் வரும்போது, பற்றுச்சீட்டைப் பிள்ளையின் கையிலேயே வாங்கச் செய்யுங்கள்.