பாலிக்கு 800 ரூபாய், மரக்காணத்துக்கு எவ்வளவு?

இந்த வாரம் ஒரு கேள்வி, வாய்ஸ் நோட்ல வந்தது. "பாலி ட்ரிப் பிளான் பண்றோம். டிக்கெட்டுக்குக் காசு, விசாவுக்குக் காசு. இப்போ டூரிஸ்ட் டாக்ஸ்னு ஒண்ணு வேற. கட்டித்தான் ஆகணுமா?"

முதல்ல விவரம் சொல்லிடுறேன். 2024 பிப்ரவரி 14-லிருந்து, பாலிக்குப் போற ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் 1,50,000 ரூபியா கட்டணும். நம்ம காசுக்கு சுமார் 800 ரூபாய். நாள் கணக்கு கிடையாது, ஒரு பயணத்துக்கு ஒரு தடவைதான். 'லவ் பாலி'ங்கிற அரசு இணையதளத்துல முன்னாடியே கட்டினா மெயில்ல கியூஆர் கோடு வந்துடும். ஏர்போர்ட்ல இறங்கியும் கட்டலாம்.

இதையும் விசா ஆன் அரைவலையும் குழப்பிக்காதீங்க. விசாவுக்கான 5,00,000 ரூபியா தனி. அது ஜகார்த்தாவுக்கு, மத்திய அரசுக்குப் போகுது. இந்த 1,50,000 பாலி மாகாண அரசுக்குப் போகுது. அந்தத் தீவோட பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் பாதுகாக்கத்தான் இந்தப் பணம்னு அவங்க சட்டமே சொல்லுது.

மாலத்தீவு கணக்கு வேற. அங்க 'கிரீன் டாக்ஸ்', ராத்திரி கணக்கு. 2025 ஜனவரி 1-லிருந்து ரிசார்ட்ல தலைக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். அதுக்கு முன்னாடி 6 இருந்தது. ஊர்மக்கள் வாழுற தீவுகள்ல இருக்கிற சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா 6 டாலர். ரெண்டு பேர், ரிசார்ட்ல நாலு ராத்திரின்னா 96 டாலர். ரூம் வாடகை மட்டும் பார்த்துட்டு பட்ஜெட் போடாதீங்க.

சரி, இது நியாயமா? எனக்கு இதுல ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. எங்க ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து ஈசிஆர்ல பாண்டிச்சேரி போகும்போது ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் பார்த்திருப்பீங்களே, அந்த ஊர். உப்பு விளையுற ஊர்க்காரனுக்கு வரின்னாலே 1930 தான் ஞாபகம் வரும். அந்த வருஷம் ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளினார். ஏன்? உப்பு இல்லாம யாராலயும் சாப்பிட முடியாது. அதனால கூலிக்காரனும் அந்த வரியிலிருந்து தப்ப முடியலை. காசு போன இடத்துல அவன் பேச்சுக்கு மதிப்பும் இல்லை.

டூரிஸ்ட் டாக்ஸ் இதுக்கு நேரெதிர். பாலிக்குப் போயே ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆனா ஒரு விஷயத்துல ரெண்டும் ஒண்ணு: கட்டுறவனுக்கு ஓட்டு கிடையாது. ஏத்தினாலும் எவனும் தேர்தல்ல பழிவாங்க மாட்டான். அதனாலதான் அரசுகளுக்கு இந்த வரி மேல ஆசை. அதனாலயேதான் கணக்கு வெளிப்படையா இருக்கணும். காசு அந்த ஊருக்கே செலவாகுதா? அங்க வாழுறவங்க கண்ணுக்கு அது தெரியுதா? என்னைப் பொறுத்தவரை இந்த ரெண்டு கேள்விதான் முக்கியம்.

இப்போ எங்க ஊருக்கு வாங்க. சனி ஞாயிறுல கார் கார் மேல நிக்கும். நீங்க டோல் கட்டிட்டுத்தான் வந்திருப்பீங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா அது ரோட்டுக்கு. ஊருக்கு வர்றது போட்டோ எடுத்துட்டுப் போட்ட தண்ணி பாட்டிலும் சிப்ஸ் கவரும்தான். உப்புப் பாத்தியோட தரை மண்ணை மிதிச்சு மிதிச்சுக் கெட்டிப்படுத்தியிருப்பாங்க. ஷூவோட உள்ள இறங்கினா அது உடையும், உப்புல சேறு கலக்கும். அந்த நஷ்டம் யாருக்கு? வெயில்ல நின்னு உப்பு வாருறவங்களுக்கு. மழை வந்தா அந்த வேலையும் நின்னுடும். பக்கத்துலயே கழுவெளி ஏரி. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. காத்துல பறக்குற கவர் அங்கேயும்தான் போகுது.

அப்போ மரக்காணத்துலயும் ஒரு கேட் போட்டு வசூல் பண்ணலாமான்னு கேட்டா, உடனே சரின்னு சொல்ல மாட்டேன். அந்தக் காசு எங்கேயோ ஒரு பொதுக் கஜானாவுல கலந்துட்டா, அது இன்னொரு டோல்தான். உப்பளத்துல வேலை செய்யுற பெண்களுக்கு ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணி, ஒதுங்க நிழல், குப்பை அள்ள ஆள். இது நடக்கும்னு எழுதி ஊர்ல போர்டு வைங்க, வருஷா வருஷம் வரவு செலவைப் போடுங்க. அப்புறம் கேளுங்க. 20 ரூபாயோ 50 ரூபாயோ, யாரும் முகம் சுளிக்காம குடுப்பாங்க.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்குப் பதில்: கட்டிடுங்க. பாலியில இமிக்ரேஷன்ல எல்லாரையும் நிறுத்திக் கேட்கிறதில்லை, நிஜம்தான். 2024-ல வந்த வெளிநாட்டுக்காரங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் கட்டியிருக்காங்க. ஆனா மாட்டிக்க மாட்டோம்ங்கிறது கட்டாம இருக்கக் காரணம் இல்லை. நாம அழகு பார்க்கப் போற இடம் ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட சொந்த ஊர். நாம விட்டுட்டு வர்ற குப்பையை அள்ளப் போறதும் அவங்கதான். கட்டிட்டு, "அந்தக் காசுல என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. கட்டினவங்களுக்குத்தான் அப்படிக் கேட்கிற உரிமை இருக்கு.

அடுத்த வாரம் பார்க்கலாம்.