பரிசின் கணக்கும் பிள்ளையின் அந்தரங்கமும்

 

1. வினா

பதவி வகிக்கும் அரசியலாளர் பெறும் அன்பளிப்பு, அவருடைய பிள்ளையின் கைக்கோ பிள்ளையின் நலனுக்கோ வந்து சேரும்போது, அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடமை எங்கே முடிகிறது, பிள்ளையின் அந்தரங்கம், அதாவது பிறர் பார்வைக்கு உட்படாமல் வளரும் உரிமை, எங்கே தொடங்குகிறது என்பதே வினா. அவையினருக்கு இது புதியதன்று. அரசறிவியலிலும் சட்டத்திலும் பணிபுரியும் நண்பர்கள் பலர் இவ்விரண்டையும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளாக வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். கணக்கை முழுதாகக் கேட்பவர் பிள்ளையைச் சந்தியில் நிறுத்துகிறார் என்பது அவர்கள் கூறும் குற்றச்சாட்டு. இந்தத் துலாக்கோலே பிழை என்பதை நிறுவுவதுதான் இவ்வுரையின் நோக்கம்.

இலங்கைச் சட்டத்தின் பாதையை முதலில் சுருக்கமாக நினைவுகூரலாம். 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் கைம்மாறு எதிர்பார்த்துத் தரப்படும் பொருளைக் குற்றமாக்கியது. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சொத்துக்கள், பொறுப்புக்கள் வெளிப்படுத்தல் சட்டம், பாராளுமன்ற உறுப்பினர் முதலியோர் தமது சொத்தோடு வாழ்க்கைத் துணையின் சொத்தையும் பிள்ளைகளின் சொத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றது. ஆயினும் கட்டணம் செலுத்திப் பிரதி பெற்ற குடிமகன் அதிலுள்ளதை வெளியே சொல்லக்கூடாது என்ற இரகசியக் கட்டுப்பாட்டையும் அதுவே விதித்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இந்த நிலையை மாற்றி, குறிப்பிட்ட சில விவரங்கள் மறைக்கப்பட்டபின் அறிவிப்புகள் பொதுவில் வெளியிடப்பட வழிசெய்தது. இதற்கு முந்திய ஆண்டில் வந்த ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை தொடர்பான தரவைச் சிறப்புக் காப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. இவ்விரு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில்தான் பூசல் எழுகிறது. பிள்ளைக்கு வந்த அன்பளிப்பு பிள்ளையின் தரவு, ஆகவே அதை முழுதாக மறைக்கலாம் என்பது நண்பர்களின் வாசிப்பு. பிள்ளையின் பெயர், முகம், வயது, பாடசாலை, வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவை மறைக்கப்படவேண்டியவை என்பதில் இவ்வுரைக்கும் கருத்து வேறுபாடில்லை. கொடுத்தவர் யார், பொருளின் பெறுமதி என்ன, என்று வந்தது, கொடுத்தவருக்கும் பதவியாளருக்கும் அலுவல் தொடர்பு உண்டா என்பவை பிள்ளையைப் பற்றிய தரவுகள் அல்ல. அவை பதவியைப் பற்றியவை. ஆகவே வெளியே இருக்கவேண்டியவை.

அன்பளிப்பு நம் மண்ணின் மரபு, அதைக் கணக்குக்குள் அடைப்பது வெளியார் வழக்கம் என்ற மறுப்பும் அடிக்கடி எழுவதால், இந்த அவை கூடியிருக்கும் மாத்தளையின் பழைய நிலையையும் ஒருமுறை பார்ப்பது தகும். கண்டி அரசில் மாத்தளை ஒரு திசாவனி, அதாவது திசாவை என்னும் பிரதானி ஆண்ட மாகாணம். பதவி பெற்றவர் அரசருக்கும் கீழ்நிலை அலுவலர் பிரதானிக்கும் வெற்றிலையோடு பணமோ பொருளோ வைத்துக் காண்பது வழமை. இந்தக் காணிக்கையைத் தெக்கும் என்றனர். கண்டி அரசின் அமைப்பைப் பற்றிப் பிரித்தானிய அலுவலர் ஜோன் டொயிலி எழுதிவைத்த குறிப்புகள், இத்தகைய செலுத்தல்கள் மறைவில் நடந்தவை அல்ல, யார் யாருக்கு என்ன வைப்பது என்பது வழமையால் அறியப்பட்டிருந்தது என்பதைக் காட்டுகின்றன. மரபைச் சான்றுக்கு அழைப்பவர்கள் அதன் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதே அரசில் பிரதானிகளின் மனைவி மக்கள் பிணையாகக் கண்டி நகரில் தங்கவைக்கப்பட்டனர் என்பதும், 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதானி எகலப்பொலையின் பிள்ளைகள் தந்தையின் அரசியலுக்காகக் கொல்லப்பட்டனர் என்பதும் நினைவில் இருக்கவேண்டியவை. பொதுவாழ்வினரின் பிள்ளைகளுக்குக் காப்பு வேண்டும் என்ற கோரிக்கையை இந்த மண்ணில் எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது, இவ்வுரையும் எடுத்துக்கொள்ளவில்லை.

2. நேட்டால், 1901

இந்த வினாவுக்கு மிகத் தெளிவான சான்று, பின்னர் 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கும் வந்து மக்களின் காணிக்கைகளைப் பெற்றுச் சென்ற மோகன்தாஸ் காந்தியின் வாழ்வில் கிடைக்கிறது. நண்பர்கள் இதைத் தமக்குச் சார்பாகவே எடுத்தாள்வது வழக்கமாதலால், சற்று நின்று பார்ப்பது அவசியமாகிறது.

1901 ஒக்டோபரில் அவர் தென்னாபிரிக்காவின் நேட்டாலை விட்டு இந்தியாவுக்குப் புறப்படத் தயாரானபோது, 1894இல் நேட்டால் இந்தியர் காங்கிரஸை உருவாக்கி உழைத்தமைக்காக அங்கிருந்த இந்தியச் சமூகம் பிரியாவிடைக் கூட்டங்களில் தங்கம், வெள்ளி, வைரப் பொருள்களை அள்ளிக் கொடுத்தது. அவர் மனைவி கஸ்தூரிபாவுக்கென்று தனியாக 50 கினி பெறுமதியான தங்க அட்டிகையும் அவற்றில் இருந்தது. கினி என்பது 21 ஷில்லிங் மதிப்பாதலால், அட்டிகையின் பெறுமதி ஏறத்தாழ ஐம்பத்திரண்டரைப் பவுண். ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த ஒரு சமூகத்தில் அது சிறிய தொகை அன்று. உறக்கமின்றிக் கழிந்த ஓர் இரவுக்குப்பின், அனைத்தையும் சமூகத்துக்கான நம்பிக்கைப் பொறுப்பாக மாற்றி, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளர்களாக நியமிக்கும் கடிதத்தை அவர் எழுதினார். பொருள்கள் வங்கியில் வைக்கப்பட்டன. பொதுத் தேவைக்கான நிதியாக அவை நிலைத்தன.

இந்த முடிவை எட்டும்போது மூன்று தப்பு வழிகள் அவர்முன் இருந்தன. மூன்றையும் அவர் அடைத்தார் என்பதே கவனிக்கத்தக்கது. கொடுத்தவர்களில் சிலர் அவருடைய கட்சிக்காரர்கள், அதாவது வழக்கறிஞர் என்ற முறையில் அவரிடம் வந்தவர்கள். அவர்கள் தந்ததைத் தொழில்வழி வந்ததாகக் கொள்ள இடமிருந்தது. கட்சிக்காரரே பொதுப்பணித் துணைவராகவும் இருக்கையில் அந்தப் பிரிப்பு நிற்காது என்று கண்டார். அட்டிகை மனைவிக்குத் தரப்பட்டது, தமக்கன்று என்று சொல்ல இடமிருந்தது. பொதுப்பணி இல்லாவிட்டால் அந்த அட்டிகை வந்திராது என்று கண்டார். மூன்றாவது வழி பிள்ளைகளின் எதிர்காலம், அதை முன்வைத்தவர் கஸ்தூரிபா: கணவருக்கு நகை வேண்டாம், பிள்ளைகளும் தந்தை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், ஆனால் நாளை வரும் மருமக்களுக்கு என்ன வைப்பது என்று கேட்டார். அட்டிகை யாருடைய உழைப்புக்காகத் தரப்பட்டது என்று காந்தி வினவியபோது, அவருக்காக இரவு பகலாக வீட்டில் உழைத்தது யார் என்ற எதிர்வினாவால் கஸ்தூரிபா பதிலளித்தார்.

இந்த இடத்தைத்தான் நண்பர்கள் எடுத்துக்காட்டி, கடுமையான கணக்கு குடும்பத்தை நசுக்குகிறது என்கிறார்கள். கஸ்தூரிபாவின் வாதம் வலிமையானது என்பதையும், அதற்குக் காந்தி அளித்த விடை போதுமானதன்று என்பதையும் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம். வீட்டில் உழைத்த பெண்ணின் பங்கைக் கணக்கில் எடுக்காமல் அவளுக்குத் தரப்பட்ட பொருளைக் கணவர் எடுத்துக் கொடுத்தது நீதியானதா என்ற கேள்வி இன்றும் நிற்கிறது. ஆயினும் கஸ்தூரிபா கேட்டது என்ன என்பதை நண்பர்கள் கூர்ந்து பார்ப்பதில்லை. அட்டிகை தமக்கு உரியது என்றார். அட்டிகையை மறைக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருடையது உரிமை பற்றிய வாதம், அந்தரங்கம் பற்றியதன்று. பொருள் யாருக்கு உரியது என்பது ஒரு வினா, அது வந்ததை யாருக்குச் சொல்லவேண்டும் என்பது வேறொரு வினா. முதலாவதில் கஸ்தூரிபா பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்தாலும், இரண்டாவதில் எதுவும் மாறுவதில்லை: அட்டிகையை அவர் கழுத்தில் அணிந்திருந்தாலும் அது வந்த வழி பதிவில் இருந்திருக்கவேண்டும். குடும்பத்தின் பெயரால் மறைவு கேட்பவர்கள் கஸ்தூரிபாவைத் துணைக்கு அழைப்பது அவருடைய நேர்மைக்குச் செய்யும் அநீதி.

பிள்ளைகள் நடத்தப்பட்ட விதமோ வேறு கதை. இங்கே காந்தியைப் பாராட்ட இயலாது. மனைவியிடம் பேசுமுன் அவர் பிள்ளைகளிடம் பேசி அவர்களின் இசைவைப் பெற்று, தாயை இணங்கவைக்கும் வேலையையும் அவர்களிடமே விட்டார். 1901இல் மூத்த மகன் ஹரிலாலுக்குப் பதின்மூன்று வயது; மணிலாலுக்கு ஒன்பது நிறையவில்லை; ராம்தாஸும் தேவதாஸும் மழலைகள். அந்த வயதுப் பிள்ளை தந்தையின் கேள்விக்குத் தரும் இசைவு இசைவாகாது. பிற்காலத்தில் காந்தியின் தன்வரலாறான சத்திய சோதனை ஓர் இதழில் தொடராக வெளிவந்தபோது, வீட்டுக்குள் நிகழ்ந்த அந்த உரையாடல் முழுவதும் நாடறிந்த செய்தியாயிற்று. ஹரிலாலின் பிற்காலத் துன்பங்களும் 1936இல் அவர் மதம் மாறியதும் பத்திரிகைகளில் விவாதிக்கப்பட்டபோது, தந்தையே அதுபற்றிப் பகிரங்க அறிக்கை வெளியிட்டார். பொதுவாழ்வினரின் பிள்ளையாகப் பிறந்ததால் ஒருவர் எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு ஹரிலாலைவிட வேதனையான சான்று இந்திய வரலாற்றில் அரிது.

இந்த இழப்பு நகைகளின் கணக்கிலிருந்து வந்ததா என்பதே தீர்க்கவேண்டியது. பொறுப்பாளர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு என்ன பொருள், யார் தந்தது, எதற்குப் பயன்படவேண்டும் என்பவை மட்டுமே தேவைப்பட்டன. ஹரிலாலின் வயதோ, பிள்ளைகள் தாயிடம் தூது சென்ற செய்தியோ அதற்குத் தேவைப்படவில்லை. கணக்கு நேராக இருந்தது. அந்தரங்கம் வேறொரு கையால், வேறொரு நோக்கத்துக்காக, வேறொரு காலத்தில் உடைக்கப்பட்டது. ஒன்று ஏற மற்றது இறங்கவில்லை. நண்பர்களின் துலாக்கோல் அவர்களுடைய சான்றிலேயே உடைந்துபோகிறது.

3. இலண்டன், 2024

இதற்கு நேர்மாறான நிகழ்வு பிரித்தானியாவில் அண்மையில் நடந்தது. தம் பிள்ளைகளின் பெயர்களைப் பொதுவில் சொல்வதில்லை என்ற உறுதியை, அப்போது தொழிற்கட்சித் தலைவராக இருந்த கெயர் ஸ்டார்மர் நெடுங்காலமாகக் காத்துவந்தார், அது மதிப்புக்குரியது. 2024 தேர்தல் காலத்தில், மே 29 முதல் ஜூலை 13 வரை, கட்சிக்கு நிதியளிப்பவரான அல்லி பிரபுவின் இலண்டன் மாடி வீட்டை அவர் பயன்படுத்தினார். அதன் பெறுமதி 20,437 பவுண் என உறுப்பினர் நலன்களுக்கான பதிவேட்டில் எழுதப்பட்டது. ஆடை, மூக்குக்கண்ணாடி, நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகள் பற்றிய கேள்விகளோடு இதுவும் எழுந்தபோது, நம் சாதாரண தரத்துக்கு ஒப்பான பரீட்சைக்கு மகன் படிக்கவேண்டியிருந்தது, வீட்டின்முன் செய்தியாளர்கள் திரண்டிருந்தனர், ஆகவே அமைதியான இடம் தேவைப்பட்டது என்று அவர் விளக்கினார்.

தந்தை என்ற முறையில் அந்தக் கவலை உண்மையானது என்று ஏற்பதில் தடையில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆர்ப்பாட்டக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் பிள்ளைகளின் காலணிகளை வரிசையாக வைத்துச் சென்றிருந்தார்கள். எனினும் பதிவேடு கேட்டது கொடுத்தவரையும் பெறுமதியையும் நாளையும்தான். மகனை அது கேட்கவில்லை. மகனின் பரீட்சையை விளக்கமாக முன்வைத்த கணத்தில், பெயர் சொல்லாமல் காத்த பிள்ளை உலகச் செய்திகளில் இடம்பெற்றது. ஜூனில் பரீட்சை முடிந்த பின்னும் ஜூலை நடுவரை தங்கியது ஏன் என்று அந்தப் பிள்ளையின் நாட்காட்டியைப் பிறர் எண்ணும் நிலை வந்தது. பிள்ளையின் அந்தரங்கத்தைப் பரிசுக்குக் காரணமாகக் கூறுபவர் அந்த அந்தரங்கத்தையே செலவிடுகிறார் என்பதுதான் இவ்வுரை நண்பர்கள்முன் வைக்கும் மையக் கருத்து. பாதுகாப்பு உண்மையில் தேவையெனில் அதைத் தருவது அரசின் கடமை. செல்வந்தரின் வீட்டுச் சாவி அதற்கு ஈடாகாது.

4. எஞ்சியவை

நம் சூழலில் பிள்ளையின் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம் ஆகியவற்றில் உறையில் வைத்துத் தரப்படும் மொய்ப்பணம் தனியே ஆராயப்படவேண்டியது. உறவினர் தரும் மொய்யையும் ஒப்பந்தக்காரர் தரும் மொய்யையும் ஒன்றாகக் கருதமுடியாது. அலுவல் தொடர்பு என்னும் அளவுகோலே இங்கும் பயன்படும் என்று தோன்றுகிறது. பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகள் வளர்ந்தவர்களுக்குரிய அந்தரங்கத்தை உடையவர்கள். வெளிநாட்டுப் படிப்புச் செலவை மூன்றாமவர் ஏற்கும்போது மட்டும் பெற்றோரின் கடமை தொடருமா என்பது விரிவான விவாதத்துக்கு உரியது.

ஆய்வாளர்கள் எடுத்துச் செய்யத்தக்கவை சில. 2023ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் வெளியிடப்படும் அறிவிப்புகளில் எவை மறைக்கப்படுகின்றன, ஒரே அளவுகோல் எல்லோருக்கும் பின்பற்றப்படுகிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1975ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் பிள்ளைகளின் சொத்துப் பகுதி எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதும் பார்க்கத்தக்கது. உள்ளூராட்சி மட்டத்தில், இறத்தோட்டை, உக்குவளை, தம்புள்ளை போன்ற இடங்களின் பிரதேச சபைகளில் அன்பளிப்புப் பதிவேடு ஒன்றைச் சோதனையாக ஓராண்டு வைத்துப் பார்க்கலாம். அதன் பத்திகளில் கொடுத்தவர், பெறுமதி, நாள், அலுவல் தொடர்பு ஆகிய நான்கும் இருந்தால் போதும், பெற்ற பிள்ளையின் பெயருக்கென்று பத்தி வேண்டியதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் திருவிழாக்களில் உபயகாரரின் பெயர்கள் பகிரங்கமாக அறிவிக்கப்படும் வழக்கமும் இந்தக் கோணத்தில் ஒருவரால் எழுதப்படவேண்டும்.