கேட்டுவிட்டுக் கட்டிய குழாயடி

(முதலியார்பேட்டையில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கிக் கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம், தெரியும். பத்து நிமிஷம் மட்டும் கொடுங்க. ஓவியம், சிற்பம் செய்கிற கலைஞர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறோம். "படம் பார்த்தா பசி ஆறுமா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

போன வருஷம் நம் பொது நிதியிலிருந்து பணம் எடுத்து, தெருக் குழாயடியில் ஒரு சிமெண்ட் மேடை கட்டினோம். நிர்வாகக் குழுவில் இருக்கும் நாங்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தோம். "எவ்வளவு உயரம்மா?" என்று கொத்தனார் கேட்டார். "வழக்கமா கட்டுற மாதிரி கட்டுங்க" என்றோம். அவர் தன் நெஞ்சளவுக்குக் கட்டினார். ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம், மிட்டாய் கொடுத்தோம்.

மறுநாள்தான் தெரிந்தது, நிறைகுடத்தை அதன்மேல் தூக்கி வைக்க நம்மில் பாதிப் பேரால் முடியவில்லை. கீழே தண்ணீர் ஓட வாட்டமும் இல்லை. தேங்கிப் பாசி பிடித்தது. மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை, உள்கடன் தவணையும் கட்ட முடியவில்லை. இன்றைக்கு அந்த மேடையில் வத்தல் காய்கிறது. தப்பு கொத்தனார் மேல் இல்லை. தண்ணி பிடிக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்காத எங்கள் மேல்தான்.

சகோதரிகளே, இதே வேலையைக் கேட்டுவிட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சத்தீஸ்கர் மாநிலத்தில் பஸ்தர் பகுதியில் கொண்டாகாவ்ன் என்ற ஊர். பழங்குடி மக்கள் நிறைய வாழும் இடம். 1990-களின் கடைசியில் மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் அங்கே போனார். சிலை செய்து காட்டிவிட்டுத் திரும்பவில்லை. அந்த ஊர்க் கலைஞர்களான ராஜ்குமார், சாந்திபாய், கேசுராம் இவர்களோடு சேர்ந்து பல வருஷம் வேலை செய்தார். சாந்திபாய் மரத்தில் சிற்பம் செதுக்குகிற பெண்மணி. இவர்கள் கூடிப் பேசிச் செய்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? கைபம்பு இருக்கிற இடங்களைச் சீர்செய்தது!

அதற்கு 'நல்பர்' என்று பெயர் வைத்தார்கள். குழாயடியில் என்று அர்த்தம். அங்கேயும் நம்ம கதைதான். பம்பைப் போட்டாச்சு, சுற்றிலும் சேறு. தண்ணீர் எடுக்க வருவது பெண்களும் பிள்ளைகளும். அதனால் அந்தப் பெண்களோடு பேசினார்கள். தண்ணீர் வடிந்து ஓட வழி செய்தார்கள். பக்கத்தில் சுவர் எழுப்பி அதில் தங்கள் கலை வடிவங்களைச் செய்தார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இறக்கி வைக்க மாடம் வைத்தார்கள். அந்த மாடத்தை நினைத்துப் பாருங்க. பாரம் சுமக்கிறவளை மதித்துக் கேட்டால்தான் அப்படி ஒன்று கட்டத் தோன்றும், இல்லீங்களா?

பிள்ளைகளுக்கென்றும் இடம் கட்டினார்கள். அதன் பெயர் 'பில்லா குடி'. நம்ம காதுக்குப் பிள்ளை என்றே கேட்கிறது. அர்த்தமும் அதுதான், பிள்ளைகளின் கோயில். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வரையவும் விளையாடவும் ஓர் இடம்.

"பெரிய ஆளுங்க யாராவது பணம் கொடுத்திருப்பாங்க, நமக்கு யார் கொடுப்பாங்க?" என்று கேட்கலாம். நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் 1966-இல் தொடங்கியது. அன்றைக்கு ஓவியத்தை விற்றுக் குடும்பம் நடத்த முடியாத நிலை. அதனால் அவர்கள் ஒரு சங்கம் சேர்த்தார்கள். துணியில் பத்திக் வேலை, வேறு கைவினைப் பொருள்கள் எல்லாம் செய்து விற்றார்கள். வந்த வருமானத்தில் கடலோரம் நிலம் வாங்கி வீடு கட்டிக் குடியேறினார்கள். கூடிச் செய்தோம், கூடிச் சேர்த்தோம், சொந்த இடம் ஆனது. நம்ம குழுக்களின் கதையும் இதுதானே?

இன்னொன்றும் சொல்கிறோம். டெல்லியில் கிர்க்கி என்ற நெருக்கமான பகுதியில் 'கோஜ்' என்ற கலைஞர்கள் அமைப்பு இருக்கிறது. 1997-இல் கலைஞர்களே ஆரம்பித்தது. 2006-இல் ஷைனா ஆனந்த் என்ற கலைஞர் அங்கே ஒரு காரியம் செய்தார். அந்தத் தெருக்களில் வெவ்வேறு இடங்களில் கேமராவும் டி.வி.யும் வைத்து, எல்லாவற்றையும் ஒயரால் இணைத்தார். ஓரிடத்தில் இருக்கிறவர் மற்ற இடத்துக்காரர்களைத் திரையில் பார்த்துப் பேசலாம். வீடியோ கால் இந்த அளவுக்குப் பரவாத காலம் அது. எப்போதும் டி.வி. பேசும், நாம் கேட்போம். அங்கே பக்கத்துத் தெருக்காரர்கள் டி.வி.யில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். கிர்க்கி என்றால் ஜன்னல் என்று அர்த்தம். பொருத்தமான ஊர்தான்!

"இதில் கலை எங்கே இருக்கு? வாய்க்காலும் மேடையும் கொத்தனார் வேலைதானே?" என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆனால் நாம் தினமும் வாசலில் கோலம் போடுகிறோம். அதைக் கண்காட்சியில் வைப்பதற்காகப் போடுகிறோமா? பெருக்கித் தண்ணீர் தெளித்து, நாம் மிதிக்கிற இடத்தை அழகாக்குகிறோம். உபயோகமும் அழகும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. கொண்டாகாவ்னில் செய்ததும் அதைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். ஆண்டு விழா வருகிறது. வழக்கம்போல ஷாமியானா, பொன்னாடை, மாலை, ஷீல்டு என்று செலவு இருக்கிறது. இந்த வருஷம் பொன்னாடையும் ஷீல்டும் வேண்டாம், அந்தத் தொகையில் குழாயடியைத் திருத்திக் கட்டுவோம் என்பது எங்கள் யோசனை. ஆனால் இந்த முறை நாங்கள் மட்டும் முடிவு செய்ய மாட்டோம்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஒன்று, உங்கள் குழுவில் உயரமான ஒருவர், குட்டையான ஒருவர், வயதான ஒருவர், இவர்களின் இடுப்பு உயரத்தை டேப் வைத்து அளந்து வாருங்கள். பஸ்தரில் தலையில் சுமக்கிறார்கள், நாம் இடுப்பில் சுமக்கிறோம். அவர்கள் அளவு நமக்கு ஆகாது. ஒரே மேடையில் இரண்டு படி வைத்தால் எல்லாருக்கும் சரிவருமா என்றும் பாருங்கள்.

இரண்டு, குழாயடியில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே வழுக்குகிறது, எந்த நேரத்தில் வெளிச்சம் இல்லை என்று எழுதுங்கள். தண்ணீர் பிடிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் அந்தப் பிள்ளைகளையும் கேளுங்கள்.

மூன்று, குழாய்க்குப் பின்னால் இருக்கும் சுவரில் என்ன இருக்கலாம் என்று யோசியுங்கள். வாசகம் எழுதிய சுவர் ஊரெல்லாம் இருக்கிறது. நம்ம பேட்டையோ மில் பேட்டை. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னால் ஏ.எஃப்.டி. என்று ஆகி, 2020-இல் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய காலத்தில், 1936 ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் இறந்த வரலாறு நம்முடையது. மில் சங்கு ஊதினால் உலை வைத்த பாட்டிமார் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வாருங்கள். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே ஓவியம் படிக்கும் பிள்ளைகள் யாராவது வந்து நம்மோடு உட்கார்ந்து வரைவார்களா என்று போய்க் கேட்போம். நமக்காக வரைந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். நம்மோடு சேர்ந்து வரைய வேண்டும். கோலம் போடுகிற கைக்கு பிரஷ் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

படம் பசி ஆற்றாது அக்கா, உண்மைதான். ஆனால் கேட்டுவிட்டுக் கட்டியிருந்தால் ஒரு கை முறிந்திருக்காது. அந்த வீட்டில் இரண்டு மாதக் கூலி நின்றிருக்காது.

கை முறிந்த அந்தச் சகோதரி இன்று இங்கே வந்திருக்கிறார். முதல் அளவை அவரிடமிருந்தே எடுக்கிறோம். இந்த யோசனைக்குச் சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். சம்மதம் இல்லாதவர்கள் எழுந்து காரணம் சொல்லுங்கள். அதையும் எழுதுவோம்.