வீட்டு மொழியும் பள்ளிப் பாடமும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளைகளின் கல்வி என்றவுடன் கட்டணம், மதிப்பெண், கல்லூரி இடம் ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். இன்று அவற்றுக்கு முன்னதாக உள்ள ஒரு செய்தியைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். பிள்ளை வளரும் வீட்டிற்கும் அது படிக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள இடைவெளியே அது. பள்ளிக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் பிள்ளைக்கும் இந்த இடைவெளி மிக நீண்டதாக இருக்கக்கூடும்.

நமது கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சமவெளியில் பல சமயத்தாரும் பல சாதியினரும் கலந்து வாழ்கிறோம். மேற்கே கல்வராயன் மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயரைக் கேட்டுச் சிலர் அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடுகின்றனர். அவர்களது மொழி தமிழே. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அப்பெயர் வழங்குகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலைப்பகுதி 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. சமவெளியில் இரண்டு மூன்று தலைமுறைகள் பள்ளி கண்டுவிட்ட நிலையில், அங்கே பல குடும்பங்களுக்கு இன்று படிக்கும் பிள்ளைகளே முதல் தலைமுறையினர்.

அப்பிள்ளைகள் ஒன்றும் அறியாதவர்களாகப் பள்ளிக்கு வருவதில்லை. சாமையும் கேழ்வரகும் எப்போது விதைக்க வேண்டும், எந்த மரத்தில் எப்போது தேன் கட்டும், கடுக்காய் எப்போது பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் பெற்றோருடன் நடந்தே கற்றவை. மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். ஆலைக்குச் செல்லும் கிழங்கிற்கு அதிலுள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை வைக்கிறார்கள். எடை, பாயிண்ட், விலை ஆகிய மூன்றும் சேர்ந்த இக்கணக்கு, விகிதமும் சதவீதமும் அன்றி வேறென்ன? ஆனால் அதே பிள்ளை, கண்ணால் காணாத பொருள்களைக் கொண்ட விகிதக் கணக்கில் தவறும்போது, கணக்கு வராத பிள்ளை என்று பெயர் வாங்கிவிடுகிறது. வீட்டில் பேசும் சொல்லை வகுப்பில் சொன்னால் பிற பிள்ளைகள் சிரிக்கின்றனர். இரண்டு முறை சிரிப்பொலி கேட்ட பிள்ளை மூன்றாம் முறை வாய் திறப்பதில்லை.

இது நமக்குப் புதிய அனுபவமா? நம் மாவட்டத்து முஸ்லிம்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் உண்டு. வீட்டில் தக்னி உருது பேசுவோரும் உண்டு. ‘பானி’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் வகுப்பில் ‘தண்ணீர்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. அப்பிள்ளையின் திணறலை அறிந்த நாம், மலைப் பிள்ளையின் மௌனத்தையும் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதிய எழுத்து வடிவங்களை அமைத்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை வளர்த்தவர்கள் நம் முன்னோர். பெண்களும் பிள்ளைகளும் வீட்டு மொழியிலேயே கற்க அது வழி செய்தது. கற்பவரின் மொழியை நோக்கிக் கல்வி நடந்து வந்த நிகழ்ச்சி அது.

உலகின் பிற பகுதிகளிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஆசிரியர்களை மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு அழைத்துச் சென்றனர். குறை கேட்கவோ புத்திமதி சொல்லவோ அவர்கள் செல்லவில்லை, கற்றுக்கொள்ளச் சென்றனர். பயிர்த்தொழில், கட்டுமானம், வீட்டு மருத்துவம், வியாபாரம் எனப் பலவகை அறிவு அவ்வீடுகளில் இருப்பதைக் கண்டு, அவற்றைப் பாடங்களில் சேர்த்தனர். 1992இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை இன்றும் உலகெங்கும் ஆசிரியர்களால் படிக்கப்படுகிறது.

இவ்வாறு செய்தால் கல்வியின் தரம் தாழ்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மலைப் பிள்ளைக்கும் நகரப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பில் ஒரே வினாத்தாள்தான் வரும். ஆகவே, சேர வேண்டிய இடம் மாறுவதில்லை. புறப்படும் இடம் மட்டும் பிள்ளை நிற்கும் இடமாக இருக்க வேண்டும். கிழங்குக் கணக்கில் தொடங்கும் ஆசிரியர் அதிலேயே நின்றுவிடாமல் பாடநூல் கணக்கிற்குப் பிள்ளையை அழைத்துச் சென்றாக வேண்டும். வீட்டுச் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதனருகே நூல்வழக்குச் சொல்லையும் கற்பித்தாக வேண்டும்.

இனி, பெற்றோரின் பங்கு பற்றிச் சில சொற்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் பணியே. ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் தாய், பகல் பதினொரு மணிக் கூட்டத்திற்கு ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் தோட்ட வேலைக்குச் சென்றிருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் அறிவிப்புத்தாள் போய்ச் சேருவதே இல்லை. இவர்களைப் ‘பொறுப்பற்ற பெற்றோர்’ என்பது நியாயமாகாது.

2024 ஜூன் மாதம் நம் நகரில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறந்துவிடவில்லை. அதன்பின் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணை மேற்கொண்டது. ஆயினும் ‘சாராய மலை’ என்னும் ஏச்சு இன்றும் பேச்சுவழக்கில் இருக்கிறது. அந்தப் பெயர் வகுப்பறைக்குள் நுழையுமானால், ஒரு பாவமும் அறியாத பிள்ளை அதைச் சுமக்க நேரிடும். சமுதாயத்தின் பெயரால் பழி சுமப்பது எத்தகையது என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஜமாஅத்தின் மேலான கவனத்திற்கு நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் தாய்மார்கள் இடம்பெற வேண்டும். கையெழுத்திடுவதோடு நில்லாது கருத்தும் சொல்ல வேண்டும். இரண்டாவது, கூட்டங்களை மாலையிலோ விடுமுறை நாளிலோ நடத்துமாறு பிற சமுதாயப் பெற்றோருடன் சேர்ந்து தலைமையாசிரியர்களிடம் கேட்க வேண்டும். மூன்றாவது, நாம் நடத்தும் மாலைநேர வகுப்புகளில், நகரில் தங்கிப் படிக்கும் மலைப் பிள்ளைகளுக்கும் இடமளிக்க வேண்டும். நான்காவது, நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மாணவர் வீட்டு வாசலை மிதித்து, அங்கே உள்ளவற்றைக் கேட்டறிய வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நேரமும் மனமும் வேண்டும். அவ்விரண்டையும் நம் ஜமாஅத் தாராளமாக வழங்கும் என்ற நம்பிக்கையுடன் உரையை நிறைவு செய்கிறோம்.