மூப்பும் ஒரு சிறு புழுவும்

பிறந்த உயிர் மூப்பெய்துவது இயற்கை என்று நாம் அமைதி கொள்கிறோம். ஆயினும், ஏன் மூப்பெய்துகிறது என்ற வினாவை விஞ்ஞானம் விட்டுவிடவில்லை. அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிந்தது, மட்கும் இலை தழைகளிடையே வாழும் ஒரு நூற்புழு. ஸீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஆயுளோ இரண்டு மூன்று வாரமே. ஆகவே, ஒரு தலைமுறையின் இளமையையும் இறுதியையும் ஒரே மாதத்தில் கண்டறியலாம்.

1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் ஒரு கொள்கையை வெளியிட்டார். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது, வினைவேகம் மிக்க சில பொருள்களும் உண்டாகின்றன. துரு இரும்பை அரிப்பதுபோல் அவை உடற்கூறுகளைச் சிதைக்கின்றன. அச்சிதைவு நாளடைவில் திரள்வதே மூப்பு என்றார் அவர்.

புழுவும் முதலில் இக்கொள்கைக்குச் சான்று கூறுவதாகவே தோன்றியது. 1988-இல் ஃப்ரீட்மனும் ஜான்ஸனும், ஏஜ்-1 என்ற ஒரே ஜீன் மாறிய புழுக்கள் நெடுநாள் வாழ்வதை எடுத்துக்காட்டினர். 1993-இல் ஸிந்தியா கென்யன் குழுவினர், டாஃப்-2 என்ற ஜீன் மாறிய புழுக்கள் இரு மடங்கு காலம் வாழக் கண்டனர். இன்ஸுலின் போன்ற பொருள்கள் கொணரும் செய்தியை ஏற்கும் வாயில் இந்த ஜீனால் அமைகிறது. அச்செய்தி குறைந்தால், டாஃப்-16 என்ற மற்றொரு ஜீன் உடலின் காப்புப் பணிகளை முடுக்கிவிடுகிறது. இத்தகைய புழுக்கள் பிராணவாயுவினால் விளையும் தீங்கையும் நன்கு தாங்கின.

ஆயின், பின்னர் வந்த முடிவுகள் வியப்பூட்டின. அத்தீங்கை அடக்கும் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்குப் புழுவில் 5 ஜீன்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை இழந்த புழுக்கள் முன்னிலும் நெடிது வாழ்ந்தன என்று 2009-இல் வெளியாயிற்று. ஐந்தையும் இழந்தவை, இன்னல் தாங்கும் வலிமை குன்றியும், வழக்கமான ஆயுளைப் பெற்றன என்று 2012-இல் தெரிந்தது. 2007-இல் வெளியான மற்றொரு சோதனையில், குளுக்கோஸைப் பயன்படுத்த இயலாது தடுக்கப்பட்ட புழுக்களிடம் இத்தீங்கு மிகுந்தது, ஆயுளும் நீண்டது. தீங்கைத் தணிக்கும் பொருள்களை ஊட்டியதும் அந்நீட்சி மறைந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? அளவான இன்னல் உடலின் காவலை விழிக்கச் செய்கிறது. அளவு கடந்தாலோ கொல்கிறது. அந்தக் காவலின் திறத்தை ஜீன்கள் வகுக்கின்றன. புழுவின் கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. எனினும், துருவைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை விழுங்கினால் முதுமை விலகும் என்று நம்பிப் பொருளைச் செலவிடுமுன், இச்சிறு புழுவின் சான்றையும் நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.