கேட்க வேண்டியது கேட்கட்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவிலே கல்வியைப் பற்றிப் பேசுவார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். நானோ ஒலிபெருக்கி பூட்டிப் பிழைக்கிறவன். "திடலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கப் போகிறோம், அதைப் பற்றியே நாலு வார்த்தை சொல்லுங்களேன்" என்று சங்கத்தார் கேட்டுக் கொண்டார்கள். தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

இது சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். விளையாட்டுப் போட்டி நாளன்று திடலின் மறுகோடியில் நிற்கும் பிள்ளைக்குத் தன் பெயர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால்? மாதக்கணக்கில் ஓடிப் பழகிய பிள்ளை, ஓட்டம் முடிந்த பிறகு மூச்சு வாங்க வந்து நிற்கும். அந்த அழுகையை எந்தக் கோப்பையும் ஆற்றாது. இடி மழை வரும்போது இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒலிபெருக்கிக்கும் விளையாட்டரங்குக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. 1919 செப்டம்பர் 19ஆம் நாள் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், சான் டியாகோ நகர விளையாட்டரங்கில் ஏறக்குறைய 50,000 பேர் முன்னிலையில் மின் ஒலிபெருக்கி வழியாகப் பேசினார். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினார். அந்த அரங்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பந்தாடிய இடம். நம் நாட்டிலே 1957 ஆகஸ்டு 31இல் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியதும் ஒரு விளையாட்டரங்கில்தான். ஒருவர் குரல் எல்லார் காதிலும் விழுவது அவ்வளவு பெரிய காரியம்!

சரி, இப்போது நம் திடலுக்கு வருவோம். "கேட்கலியா? பெரிய பவரா வாங்கிப் போடுங்க!" எல்லாரும் சொல்லும் மருந்து இதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 வாட் பெருக்கியை எடுத்துவிட்டு 200 வாட் வைத்தால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர் தேவை. திறந்த வெளியிலோ, தூரம் இரட்டிக்கும் தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். குழாயிலிருந்து 10 மீட்டரில் நிற்பவரைவிட 80 மீட்டரில் நிற்பவருக்கு 18 டெசிபெல் குறைவு. ஆக, ஒரே இடத்திலிருந்து கத்தினால் முன்னால் இருப்பவருக்குக் காது வலிக்கும். பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அளவான குழாய்கள் பலவற்றை மக்கள் இருக்கும் இடத்துக்கு அருகே பிரித்து வைப்பதே முறை.

அப்படிப் பிரிக்கும்போது ஒரு சிக்கல் வரும். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் ஓடும். 100 மீட்டர் ஓடுபாதையின் இரு கோடியிலும் குழாய் கட்டினால், ஒரு கோடியில் நிற்பவருக்கு மறுகோடிச் சொல் கால் விநாடிக்கு மேல் தாமதித்து வரும். "மூன்றாம் ஆண்டு" என்பதற்குள் இன்னொரு "மூன்றாம் ஆண்டு" புகுந்துவிடும். இருபதில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் பிந்தினாலே காது அதை எதிரொலியாக எடுத்துக் கொள்ளத் தொடங்கும். எனவே குழாய்களை எதிரெதிரே முகம் பார்க்க வைக்காதீர்கள். எல்லாம் ஒரே திசை நோக்கட்டும். தூரத்துக் குழாய்க்கு ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. 70 மீட்டருக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் வைத்தால் இரண்டு குரலும் கைகோத்து வரும்.

அடுத்தது கம்பி. நீண்ட கம்பியிலே பாதிச் சக்தி சூடாகவே போய்விடுவதைப் பார்க்கிறோம். 100 வாட்டைச் சாதாரண 8 ஓம் முறையில் அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட் முறையில் ஒரே ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். குழாய்களின் வாட் கூட்டுத்தொகை பெருக்கியின் வாட்டைத் தாண்டக்கூடாது. அது ஒன்றுதான் கட்டுப்பாடு. 15 வாட் குழாய் ஆறு என்றால் 90 வாட். 120 வாட் பெருக்கி தாராளம்.

காசில்லாத வைத்தியமும் உண்டு. மைக்கைக் குழாய்களுக்குப் பின்னால் வையுங்கள், ஊளையிடாது. வாய்க்கு நாலு விரற்கடைத் தூரத்தில் பிடியுங்கள். எட்டிப் பிடித்துக் கத்தாதீர்கள். தூரம் பாதியானால் 6 டெசிபெல் சும்மா கிடைக்கிறது!

மாணவர்களே, இலக்கணப் பாடத்தை நினைவுபடுத்துகிறேன். உயிரெழுத்து உரத்து ஒலிக்கும். மெய்யெழுத்து மெலிந்து ஒலிக்கும். மாலா, பாலா என்று கூப்பிட்டுப் பாருங்கள். உயிர் மட்டும் வந்து மெய் வராவிட்டால் இருவரில் யார் என்று தெரியுமா? சத்தம் வேறு, தெளிவு வேறு. அடித்தொனியை இறக்கி, மெய்யெழுத்துகள் வாழும் உயர் தொனியைக் காப்பாற்றினால் சொல் துலங்கும். காற்றின் இரைச்சலும் அடங்கும்.

பல்கலைக்கழக அரங்குகளில் இந்தத் தெளிவைக் கருவியால் அளக்கிறார்கள். சுழியத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் போட்டு, அவசர அறிவிப்புக்கு 0.5 ஆவது வேண்டும் என்று கேட்பது வழக்கம். நம்மிடம் அந்தக் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் சொல்வதெழுதுதல் இருக்கிறதே! திடலின் ஆறு இடங்களில் ஆறு மாணவரை நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்துங்கள். மற்றவர்கள் ஆரவாரம் செய்யட்டும். ஆசிரியர் மைக்கில் இருபது சொல் வாசிக்கட்டும். எழுதியதைத் திருத்திப் பாருங்கள். எந்த மூலையில் தப்பு அதிகமோ அங்கே குழாயைத் திருப்ப வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகே கடைக்காரருக்கு முழுப் பணத்தைக் கொடுங்கள். அது பெற்றோர்கள் ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்த்த பணம்.

இப்போது அந்த ஆபத்து. உலகில் மின்னல் அதிகம் இறங்கும் வட்டாரங்களில் நம் நாடும் ஒன்று. மின்னல் கண்டு இடி கேட்க மூன்று விநாடி ஆனால் அது ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் திடலில் ஒருவரும் நிற்கக்கூடாது. கடைசி இடி முழங்கி முப்பது நிமிடம் வரை திரும்பவும் கூடாது. "பிள்ளைகளே, உள்ளே வாருங்கள்" என்ற ஒரே வாக்கியம் கடைசி மரத்தடி வரை போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகும். ஆகவே 24 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும் பெருக்கியையே கேட்டு வாங்குங்கள். விழாவுக்கு முதல் நாள் அதையும் ஓட்டிப் பாருங்கள்.

பெரியோர்களே! இன்று இம்மேடையில் பெயர் அழைக்கப்படும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்து வரும். அந்தப் பெருமை திடலின் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் உரியது. அடுத்த விளையாட்டுப் போட்டியில் அந்தப் பிள்ளைக்கும் தன் பெயர் தெளிவாகக் கேட்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.